மீயணுக்கரு ஆய்வின் வரலாறு

மீயணுக்கரு என்பது புரோட்டான்களுடனும் நியூட்ரான்களுடனும் குறைந்தது ஒரு ஹைப்பரானையும் கொண்ட அணுக்கரு ஆகும். ஹைப்பரான் என்பது புரோட்டானைவிட நிறை மிகுந்த, விந்தைக் குவார்க்கைத் தன்னுள் கொண்ட துகள். நம்மைச் சுற்றியுள்ள பொருள்களின் அணுக்கருக்கள் எல்லாம் மேல், கீழ் என்னும் இருவகைக் குவார்க்குகளால் ஆனவை. மூன்றாவது வகையான விந்தைக் குவார்க்கு ஒரு கருவுக்குள் புகுந்தால் அது அங்கே எப்படி நடந்துகொள்ளும், அதைப் பிடித்து வைக்கும் விசை எவ்வளவு வலியது என்ற கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வு 1952 ஆம் ஆண்டில் தொடங்கியது.

இத்துறையின் வரலாற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதன் முக்கியமான முடிவுகள் பல, ஒரே ஒரு படத்தில் பதிவான ஒரே ஒரு நிகழ்விலிருந்து பெறப்பட்டவை. அவ்வாறு பெறப்பட்டவற்றுள் ஒரு முடிவு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆய்வாளர்களைத் தவறான திசையில் நடத்தியது. அதைத் திருத்தியதும் இன்னொரு தனிப்படமே.

லாம்டாத் துகள்

1947 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரோச்செஸ்டர், கிளிஃபோர்டு பட்லர் ஆகியோர் அண்டக் கதிர்களை முகிற்கலத்தில் படம் பிடித்தபோது, எவரும் எதிர்பாராத புதிய துகள்களின் தடங்களைக் கண்டனர். 1950 இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் வி. டி. ஹாப்பரும் இந்தியரான எஸ். பிஸ்வாசும், இன்று லாம்டா என்று அறியப்படும் துகளின் சிதைவை ஒளிப்படப் பால்மத்தில் கண்டு வெளியிட்டனர்.

லாம்டா மின்னூட்டம் அற்றது. அதன் நிறை புரோட்டானின் நிறையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதன் சராசரி ஆயுள் 263 பிக்கோ நொடி. அதாவது ஒரு நொடியை ஆயிரம் கோடியாகப் பகுத்தால் அதில் சுமார் 2.6 பங்கு. மனிதக் கணக்கில் இது கணப்பொழுதிலும் மிகச் சிறியது. ஆனால் அணுக்கருவுக்குள் நிகழ்வனவற்றின் கால அளவோடு ஒப்பிட்டால் இது லட்சம் கோடி மடங்குக்கும் மேல் நீண்டது. எளிதில் பிறக்கும் இத்துகள் இவ்வளவு மெதுவாக மடிவது ஏன் என்பது அன்றைய பெரும் புதிர். 1953 இல் முர்ரே கெல்-மானும் கசுஹிகோ நிஷிஜிமாவும் தனித்தனியே இதற்கு விளக்கம் அளித்தனர். இத்துகள்கள் விந்தைத்தன்மை என்னும் ஒரு பண்பைக் கொண்டுள்ளன. வலிய விசையால் அப்பண்பை மாற்ற முடியாது, வலுக்குன்றிய விசையால் மட்டுமே முடியும். ஆகவேதான் சிதைவு தாமதமாகிறது என்றனர்.

இந்தத் தாமதமே மீயணுக்கருவுக்கு இடம் தருகிறது. லாம்டா ஒன்று கருவுக்குள் சிக்கிக்கொண்டால், அது மடிவதற்கு முன் கரு அமைதியடைந்து ஒரு திட்டமான வடிவத்தைப் பெறப் போதிய நேரம் இருக்கிறது.

வார்சாவில் கண்ட முதற்படம்

1950களின் தொடக்கத்தில் துகள்களைக் காண்பதற்கு மலிவான, அதே வேளையில் மிக நுண்ணிய கருவியாக இருந்தது அணுக்கருப் பால்மம். வெள்ளி புரோமைடு மணிகள் செறிந்த தடித்த ஒளிப்படப் படலமே இது. மின்னூட்டம் கொண்ட துகள் இதனூடே செல்லும்போது வழியிலுள்ள மணிகளில் சுவடு விட்டுச் செல்கிறது. படலத்தைக் கழுவி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கரும்புள்ளிகளின் வரிசையாக அத்தடம் தெரியும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செசில் பவலின் குழு இம்முறையை வளர்த்தெடுத்தது. 1947 இல் பையானைக் கண்டறிந்ததும் இம்முறையாலேயே. அங்கே தட்டுகளை நாள்தோறும் நுண்ணோக்கியில் தேடிப் பார்க்கும் பணியில் பயிற்சி பெற்ற பெண்கள் பலர் ஈடுபட்டிருந்தனர்.

பிரிஸ்டல் குழு பலூனில் ஏற்றி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிய பால்மத் தட்டுகளில் சில வார்சாவுக்கு வந்தன. போரில் சிதைந்து, மீண்டும் கட்டி எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த நகரம் அது. பெரிய முடுக்கி எதுவும் அங்கு இல்லை. மரியான் டானிஷ், யெர்சி பினியெவ்ஸ்கி ஆகிய இருவரும் 1952 இல் அத்தட்டுகளுள் ஒன்றில் வழக்கத்துக்கு மாறான ஒரு காட்சியைக் கண்டனர்.

அண்டக் கதிர்த் துகள் ஒன்று பால்மத்திலிருந்த கனமான கரு ஒன்றைத் தாக்கி உடைத்திருந்தது. தடங்கள் எல்லாத் திசைகளிலும் சிதறி நட்சத்திரம் போலத் தெரிந்தன. இது வழக்கமானதே. ஆனால் அந்தத் தடங்களுள் தடித்த ஒன்று, ஒரு தலைமுடியின் பருமன் அளவே சென்று நின்ற இடத்தில் இரண்டாவது நட்சத்திரம் ஒன்று வெடித்திருந்தது. தெறித்துச் சென்ற கருத்துண்டு ஓய்ந்து நின்ற பிறகு பெரும் ஆற்றலுடன் உடைந்திருக்கிறது. சாதாரணமாகக் கிளர்ச்சியுற்ற கரு தன் ஆற்றலை இவ்வளவு நேரம் தேக்கி வைத்திருக்க முடியாது. துண்டுக்குள் நீண்ட ஆயுள் கொண்ட வேறொன்று அடைபட்டிருந்து, பின்னர் மடிந்ததே வெடிப்புக்குக் காரணம் என்று இருவரும் முடிவு செய்தனர். அந்த வேறொன்று லாம்டாவே. 1953 இல் வெளிவந்த இக்கட்டுரையே மீயணுக்கரு இயற்பியலின் தொடக்கம்.

தனித்திருக்கும் லாம்டா பெரும்பாலும் ஒரு புரோட்டானாகவும் ஒரு பையானாகவும் சிதைகிறது, அப்போது 38 மெகா எலக்ட்ரான் வோல்ட் (மெ.எ.வோ.) ஆற்றலே இயக்கமாக வெளிப்படும். கருவுக்குள் அவ்வாறு பிறக்கும் மெதுவான புரோட்டானுக்கு இடமில்லை. கீழ்நிலைகள் எல்லாம் முன்பே நிரம்பியிருப்பதால் பவுலி தவிர்ப்புக் கொள்கை அதைத் தடுக்கிறது. ஆகவே கனமான மீயணுக்கருக்களில் லாம்டா வேறு வழியை நாடுகிறது. அது அண்டையிலுள்ள ஒரு நியூக்ளியானுடன் வினைபுரிந்து, இரண்டும் சாதாரண நியூக்ளியான்களாக ஏறத்தாழ 176 மெ.எ.வோ. ஆற்றலுடன் வெளியேறுகின்றன.

பால்மக் காலம்

முடுக்கிகளிலிருந்து கே-மீசான் கற்றைகள் கிடைக்கத் தொடங்கியதும் அண்டக் கதிர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. எதிர்மின்னூட்டக் கே-மீசான் தன்னிடமுள்ள விந்தைக் குவார்க்கை ஒரு நியூட்ரானிடம் ஒப்படைத்து அதை லாம்டாவாக மாற்றிவிடும். 1970களின் தொடக்கத்துக்குள் ஐரோப்பிய, அமெரிக்கப் பால்மக் குழுக்கள் ஏறத்தாழ இருபது வகை இலேசான மீயணுக்கருக்களை அடையாளம் கண்டு, அவற்றின் பிணைப்பாற்றலை அளந்தன.

இவ்வளவீடுகளின் மதிப்பை உணர ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். இரு துகள்களுக்கிடையே உள்ள விசையை அறிய வழக்கமான வழி, ஒன்றை மற்றொன்றின் மீது மோதவிட்டுப் பார்ப்பது. லாம்டாவோ சில சென்டிமீட்டர் தொலைவு செல்வதற்குள் மடிந்துவிடும். எனவே லாம்டாவும் புரோட்டானும் மோதும் நேரடி அளவீடுகள் 1960களின் குமிழிக்கல ஆய்வுகளில் சில நூறு நிகழ்வுகள் அளவிலேயே கிடைத்தன. லாம்டாவைக் கருவுக்குள் அடைத்து வைத்து, அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழியாயிற்று.

கிடைத்த விடை இது: லாம்டாவைக் கரு ஈர்க்கிறது, ஆனால் நியூக்ளியானை ஈர்ப்பதைவிடக் குறைவாக. லாம்டாவும் ஒரு புரோட்டானும் மட்டும் சேர்ந்து நிலைக்க முடியாது. புரோட்டான், நியூட்ரான், லாம்டா மூன்றும் சேர்ந்த மீட்ரைட்டானே மிக இலேசான மீயணுக்கரு. அதில் லாம்டாவைப் பிரித்தெடுக்க 0.13 மெ.எ.வோ. போதும் என்று பால்ம ஆய்வுகள் காட்டின. புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரானைப் பிரிக்க 2.2 மெ.எ.வோ. வேண்டும் என்பதோடு இதை ஒப்பிடலாம்.

இரண்டு லாம்டாக்கள்: தடம் மாறிய கணக்கு

ஒரு லாம்டாவும் ஒரு நியூக்ளியானும் ஒன்றையொன்று எப்படி ஈர்க்கின்றன என்பது இவ்வாறு தெரியவந்தது. இரண்டு லாம்டாக்கள் ஒன்றையொன்று எப்படி ஈர்க்கும்? இதற்கு இரண்டு லாம்டாக்களைக் கொண்ட கரு வேண்டும். சை என்னும் ஹைப்பரானில் இரண்டு விந்தைக் குவார்க்குகள் உள்ளன. அது ஒரு கருவில் பிடிபட்டு, அங்குள்ள புரோட்டானுடன் வினைபுரிந்தால் இரண்டு லாம்டாக்கள் பிறக்கும். இரண்டும் ஒரே துண்டில் தங்குவது மிக அரிது.

1963 இல் டானிஷ், பினியெவ்ஸ்கி உள்ளிட்ட குழு, கே-மீசான் கற்றைக்கு ஆட்பட்ட பால்மத்தில் அத்தகைய நிகழ்வு ஒன்றைக் கண்டது. சங்கிலிபோல மூன்று வெடிப்புகள் அடுத்தடுத்துத் தெரிந்தன. முதலாவது சை பிடிபட்ட இடம். இரண்டாவது ஒரு லாம்டா மடிந்த இடம். மூன்றாவது மற்றதும் மடிந்த இடம். கருவைப் பெரிலியம்-10 வகை என்று கொண்டு கணக்கிட்டபோது, இரண்டு லாம்டாக்களுக்கு இடையிலான ஈர்ப்பு 4 மெ.எ.வோ.வுக்கும் மேல் என்று வந்தது. 1966 இல் ஹீலியம்-6 வகை இரட்டை மீயணுக்கரு பற்றி வந்த மற்றோர் அறிக்கையும் அதையொத்த அளவையே தந்தது. இரண்டு சாட்சியங்கள் ஒத்துப்போனதால் இரு லாம்டாக்களிடையே வலிய ஈர்ப்பு உண்டு என்பது பாடநூற் செய்தி போலாகிவிட்டது.

1977 இல் ராபர்ட் ஜாஃபி ஆறு குவார்க்குகள் ஒன்றாகச் சேர்ந்த எச் என்னும் துகள் இருக்கலாம் என்று கணித்தார். இரண்டு லாம்டாக்களில் உள்ள அதே குவார்க்குகள்தாம் அதிலும் உள்ளன. எச் துகள் இரு லாம்டாக்களைவிடக் குறைந்த நிறை கொண்டதாக இருக்குமானால், ஒரே கருவிலுள்ள இரு லாம்டாக்கள் உடனே அதுவாக மாறிவிட வேண்டும். இரட்டை மீயணுக்கருவே நிலைத்திருக்க முடியாது. ஆகவே பழைய படங்களின் நம்பகத்தன்மை திடீரென முதன்மை பெற்றது. 1989 இல் ரிச்சர்டு டாலிட்ஸ், பீட்டர் ஃபவுலர், பினியெவ்ஸ்கி முதலியோர் 1963 ஆம் ஆண்டு நிகழ்வை மறுபடியும் ஆராய்ந்து, அது இரட்டை மீயணுக்கருவே என்று உறுதி செய்தனர். 1966 அறிக்கையில் வெளியானது வரைபடம் மட்டுமே. அந்நிகழ்வு பிறரால் உறுதி செய்யப்படாததால் ஐயத்துக்குரியதாகவே நின்றது.

எண்ணிகளின் காலம்

இதற்கிடையே ஆய்வின் முறையும் மாறியது. 1970களில் செர்ன் ஆய்வுக்கூடத்திலும் பின்னர் அமெரிக்காவின் புரூக்ஹேவனிலும் மின்னணு எண்ணிகளும் காந்த நிறமாலைமானிகளும் பால்மத்தின் இடத்தைப் பிடித்தன. உள்ளே செல்லும் துகளின் உந்தத்தையும் வெளியேறும் துகளின் உந்தத்தையும் அளந்தால், இடையில் உருவான மீயணுக்கருவின் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். கே-மீசானின் வேகத்தைத் தக்கவாறு தேர்ந்தால் லாம்டா ஏறக்குறைய அசைவின்றியே பிறக்கும் என்பது இம்முறையின் பெரும் வசதி.

ஜப்பானின் கே.இ.கே. ஆய்வுக்கூடத்தில் 1990களில் மீக்கடத்துக் காந்தம் கொண்ட நிறமாலைமானி வழியாக, பையானைச் செலுத்திக் கே-மீசானைப் பெறும் வினையைக் கொண்டு இட்ரியம், ஈயம் போன்ற கனமான கருக்களும் ஆராயப்பட்டன. லாம்டா மற்ற நியூக்ளியான்களிலிருந்து வேறுபட்டதாதலால் பவுலி கொள்கை அதைத் தடுப்பதில்லை. நிரம்பிய கருவின் ஆழத்திலுள்ள சுற்றுநிலைக்கும் அது இறங்கிச் செல்லும். இட்ரியம்-89 மீயணுக்கருவின் நிறமாலையில் லாம்டா ஒவ்வொரு கூட்டிலும் தனித்தனியே அமர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அணுக்கருவின் உள்ளே நுழைந்து பார்க்கும் ஆய்வுமுனையாக லாம்டா பயன்பட்டது. இவற்றிலிருந்து கருவுக்குள் லாம்டா உணரும் ஈர்ப்புப் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 30 மெ.எ.வோ. என்று அறியப்பட்டது, நியூக்ளியானுக்கு அது சுமார் 50 மெ.எ.வோ.

1998 இல் ஜெர்மானியம் உணரிகளைக் கொண்ட ஹைப்பர்பால் என்னும் கருவி, மீயணுக்கரு வெளியிடும் காமாக் கதிர்களை அளக்கத் தொடங்கியது. ஒரு மெ.எ.வோ. அளவில் இருந்த துல்லியம் அதன் ஆயிரத்தில் சில பங்குகளாகக் கூர்மை பெற்றது. லித்தியம்-7 மீயணுக்கருவில், லாம்டா புகுந்ததால் உள்ளிருக்கும் கருப்பகுதி ஏறத்தாழ 19 விழுக்காடு சுருங்கியிருப்பது கண்டறியப்பட்டது; லாம்டா பசைபோலச் செயல்பட்டுக் கருவை இறுக்கியிருந்தது. கார்பன்-13 மீயணுக்கருவில், தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் இணைவதால் ஏற்படும் ஆற்றல் பிளவு 0.15 மெ.எ.வோ. மட்டுமே என்று தெரிந்தது. சாதாரணக் கருவில் நியூக்ளியானுக்கு இது பல மெ.எ.வோ. அளவில் இருக்கும்.

எல்லா ஹைப்பரான்களும் லாம்டாவைப் போல நடந்துகொள்ளவில்லை. சிக்மா ஹைப்பரானைக் கொண்ட மீயணுக்கருக்கள் பலவற்றைத் தேடியும், உறுதியாகக் கிடைத்தது ஹீலியம்-4 வகை ஒன்றே. மற்றக் கருக்களில் சிக்மா மொத்தத்தில் விலக்கப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டின.

நாகரா நிகழ்வு

இரண்டு லாம்டாக்கள் பற்றிய கேள்விக்கு மின்னணு எண்ணிகளால் விடை தர முடியவில்லை. மயிரிழை அளவு தூரத்தில் அடுத்தடுத்து நிகழும் மூன்று வெடிப்புகளைப் பிரித்துக் காட்டும் நுண்மை பால்மத்துக்கே இருந்தது. கே.இ.கே. ஆய்வாளர்கள் இரண்டையும் இணைத்தனர். சை துகள் எங்கே நுழைந்தது என்பதை எண்ணிகள் சொல்லும். அந்த இடத்தில் மட்டும் பால்மத்தை நுண்ணோக்கியில் தேடினால் போதும்.

இவ்வாறு கண்ட ஒரு நிகழ்வை 2001 இல் வெளியிட்டனர். கிஃபு நகரின் வழியே ஓடும் நாகரா ஆற்றின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பால்மத்தின் ஆய்வில் பங்கேற்ற குழு அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தடங்கள் மிகத் தெளிவாக இருந்தமையால், வேறு பொருள் கொள்ள இடமின்றி அது ஹீலியம்-6 வகை இரட்டை மீயணுக்கரு என்று முடிவாயிற்று. இரு லாம்டாக்களிடையே உள்ள ஈர்ப்பு 1 மெ.எ.வோ. அளவே. பின்னர் சை துகளின் நிறைக்குத் திருத்திய மதிப்பு ஏற்கப்பட்டபோது, அதே படத்தைக் கொண்டே அந்த எண் 0.67 மெ.எ.வோ. ஆகக் குறைந்தது.

அப்படியானால் 1963 ஆம் ஆண்டுப் படம் பொய்யா? இல்லை. முதல் லாம்டா மடிந்த பின் எஞ்சிய கரு, அமைதி நிலையில் இருந்ததாகவே அன்று கணக்கிட்டிருந்தனர். அது 3 மெ.எ.வோ. கிளர்நிலையில் இருந்திருந்தால், அந்த ஆற்றலைக் கழித்தபின் ஈர்ப்பு 1.3 மெ.எ.வோ. ஆகிறது, நாகரா நிகழ்வுடன் முரண்பாடு பெரும்பாலும் மறைகிறது. படம் உண்மையானது, அதைப் படித்த விதத்தில் ஓர் ஊகம் கலந்திருந்தது. ஒத்துப்போன இரண்டாவது அறிக்கை அந்த ஊகத்தை எவரும் கேள்வி கேட்காதபடி செய்துவிட்டது. ஆழமாகப் பிணைந்த எச் துகளுக்கும் நாகரா நிகழ்வு இடமில்லாமல் செய்தது.

விண்மீன்களின் எடை

ஒரு மெ.எ.வோ. அளவிலான இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? நியூட்ரான் விண்மீனின் மையத்தில் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தியைப் போலப் பல மடங்கு. அங்கே நியூட்ரான்கள் மிக நெருக்கமாக அடைக்கப்படுவதால், அவற்றுள் சில லாம்டாவாக மாறுவது ஆற்றலில் ஆதாயமாகிவிடுகிறது. அவ்வாறு ஹைப்பரான்கள் தோன்றினால் உள்ளழுத்தம் குறையும். விண்மீன் தாங்கக்கூடிய எடையும் குறையும். பல கணக்கீடுகளின்படி அத்தகைய விண்மீன் சூரியனைப் போல இரு மடங்கு நிறையைத் தாங்க இயலாமல் குலைந்துவிட வேண்டும். ஆனால் 2010 இல் சூரியனைப் போல 1.97 மடங்கு நிறை கொண்ட நியூட்ரான் விண்மீன் ஒன்று அளந்தறியப்பட்டது. 2013 இல் 2.01 மடங்கு கொண்ட மற்றொன்று. இதுவே ஹைப்பரான் புதிர் எனப்படுகிறது. மூன்று துகள்கள் ஒருங்கே செயல்படும்போது தோன்றும் விலக்குவிசை இதற்குத் தீர்வாகலாம் என்று பலர் கருதுகின்றனர். அதைச் சோதிக்கும் களம் பூமியில் மீயணுக்கருவே.

மீண்டும் பால்மம்

2010 இல் புரூக்ஹேவனின் ஸ்டார் குழு, தங்கக் கருக்களின் மோதலில் எதிர்மீட்ரைட்டானைக் கண்டறிந்தது. விந்தை எதிர்க்குவார்க்கைக் கொண்ட முதல் எதிர்க்கரு அது. 2024 இல் அதே குழு எதிர்மீஹைட்ரஜன்-4 ஐ அறிவித்தது. மீட்ரைட்டானின் ஆயுள் தனி லாம்டாவின் ஆயுளைவிட மிகக் குறைவு என்று சில அளவீடுகள் முன்பு காட்டிக் குழப்பம் விளைவித்திருந்தன. செர்னின் ஆலிஸ் குழு 2023 இல் வெளியிட்ட 253 பிக்கோ நொடி என்னும் மதிப்பு, தனி லாம்டாவின் ஆயுளுக்கு மிக அருகில் உள்ளது.

ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கியில் 2016, 2017 ஆண்டுகளில் ஏறத்தாழ 2 டன் பால்மம் கே-மீசான் கற்றைக்கு ஆட்படுத்தப்பட்டது. அதில் கண்ட நிகழ்வுகளுக்கு மினோ, இபுகி என்று கிஃபு வட்டாரப் பெயர்களே சூட்டப்பட்டன. பழைய கே.இ.கே. தட்டுகளை மறுபடி தேடியபோது கிடைத்த கிசோ நிகழ்வும், இபுகியும் சை ஹைப்பரான் கருவில் பிணைந்து நிற்கும் என்பதைக் காட்டின. இப்போது இத்தட்டுகளை இயந்திரக் கற்றல் முறையில் கணினியே துழாவுகிறது. பல பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து செய்த வேலை அது. இம்முறையில் மீட்ரைட்டான் நிகழ்வுகள் கண்டறியப்பட்டுள்ளதாக 2021 இல் அறிவிக்கப்பட்டது.

பால்மத் தட்டுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. ஒருமுறை பதிந்தது அழியாமல் இருக்கும். ஐயம் எழுந்தால் எடுத்து மீண்டும் பார்க்கலாம். 1963 ஆம் ஆண்டுப் படத்தை 1989 இல் மறுபடி ஆராய முடிந்ததும், நாகரா படத்தின் எண்ணைப் பின்னர் திருத்த முடிந்ததும் அதனால்தான். தனியொரு நிகழ்வை நம்பி முடிவு கட்டும் துறையில், அந்த நிகழ்வு அடுத்த தலைமுறையினரும் பார்க்கத்தக்கதாக இருப்பதே அம்முடிவுக்கு உள்ள பெரிய பாதுகாப்பு.